அலமாரிக்குள் ஒரு படை

— சாவி பாதியில நிக்குதே அக்கா. டார்ச்ச இன்னும் கொஞ்சம் கீழ பிடிங்க.

— பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். பூட்டுக்காரரே, கண்ணாடிய அதிர விடாதீங்க. மேல்தட்டுல நிக்கற ஈயச் சிப்பாய்ங்களுக்கு நேத்துதான் வார்னிஷ் அடிச்சேன்.

— என் கை அதிர்ந்தா நான் வேற தொழில் பாத்திருப்பேனே. அட, புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு போலிருக்கு. தொப்பியில என்ன அது, கரண்டியா?

— கரண்டியேதான். அந்தக் காலத்து ஒரு சுல்தானோட சொந்தப் படை இவங்க. ஒரே அண்டாவுல சமைச்சு ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. அதுக்கு அடையாளம் அந்தக் கரண்டி. ஒரு நாள் அண்டாவக் கவுத்துப் போட்டாங்கன்னா, சுல்தான் மேல கலகம்னு அர்த்தம்.

— கோவத்த சோத்து மேல காட்டற பழக்கம் அங்கயும் இருந்திருக்கு பாருங்க. ஆளே விரல் உசரம்தான். அந்தக் கரண்டிக்கு எப்படி வெள்ளி பூசினீங்க?

— நாலு முடி பிரஷ், மூச்ச அடக்கிக்கிட்டு. சர்வே ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் எல்லைக்கோடு வரைஞ்ச கை இது. ரிட்டயர் ஆனப்புறம் சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. இவங்க வெறும் ஈயமா, குருட்டு மூஞ்சியோட வருவாங்க. நான்தான் கண் திறந்து வைக்கணும்.

— பக்கத்துல கரடித்தோல் தொப்பி போட்டவரு, அசல் என் மாமனார் மூஞ்சி.

— அது ஒரு சக்கரவர்த்தியோட பழைய காவல்படை. பத்து வருஷம் போர் பாத்தவனுக்குத்தான் அதுல இடம். முணுமுணுப்பானுங்கன்னு பட்டப்பேர். சக்கரவர்த்தி முகத்துக்கு நேராவே புலம்புவாங்களாம். வேற எவன் அப்படிப் பேசினாலும் தலை தப்பாது.

— புலம்பறதக் காது குடுத்துக் கேக்க ஒரு ஆள் இருந்திருக்கு. குடுத்து வச்சவங்க. ஆமா, இவ்வளவையும் யாரு அக்கா வந்து பாக்கறா?

— யாரு வருவா? தங்கச்சி மாசம் ஒரு தடவ போன் பண்ணுவா. இன்னும் அந்த பொம்மைகளக் கட்டிக்கிட்டுதான் அழுவறியான்னு கேப்பா. மாடி வீட்டம்மா வாசப்படியத் தாண்ட மாட்டாங்க. தட்டு தட்டா நின்னு பாத்தது நீங்க ஒருத்தர்தான்.

— நூத்துக்கணக்குல ஆளுங்க காவல் நிக்கறாங்களே வீட்டுல.

— நிக்கறாங்க. ஒருத்தனாவது சாப்பிட்டியான்னு கேக்கறானா?

— ம்... கொஞ்சம் இருங்க, ஏதோ தட்டுப்படுது. வந்திடுச்சு. இதப் பாருங்க.

— என்னது?

— தீக்குச்சித் துண்டு. ஏன் அக்கா, டார்ச்ச அணைச்சிட்டீங்க?

— வேலைதான் முடிஞ்சதே.

— போன மாசமும் இதேதான் உள்ள இருந்துச்சு. நான் வாயத் திறக்கல.

— நான்தான் ஒடிச்சுப் போட்டேன். அறுபத்திரண்டு வயசுல செய்யற காரியமா இது? நீங்க வந்தா ஒரு மணி நேரம் இந்த வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்குது. நீங்க போனப்புறம் குழாய் சொட்டறது கூடக் கணீர்னு கேக்கும். அதுக்காக உங்கள வேலைவெட்டிய விட்டுட்டு ஓடி வர வச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க. இனிமே கூப்பிட மாட்டேன்.

— முதல்ல உக்காருங்க.

— பரவால்ல, நீங்க கிளம்புங்க. எனக்கு உங்க மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்கு.

— உக்காருங்கன்னா. நான் ஒரு நாளைக்கு எத்தனை கதவு திறக்கறேன்னு நினைக்கறீங்க? திறந்ததும் வீட்டுக்காரங்க அப்பாடான்னு உள்ள போய்ச் சாத்திக்குவாங்க. நான் வெளிய குந்திக்கிட்டு சாமானெல்லாம் பொறுக்கிப் பையில போடுவேன். என் ரூம் கடைக்கு மேலயே. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். என் கதவ நானே திறந்து, நானே சாத்திக்கறேன். உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டு, இவன் யாரு, அவன் யாருன்னு எனக்குச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.

— அதுக்காக நான் ஏமாத்தினது இல்லன்னு ஆயிடுமா?

— முதல் தடவ நான் வந்தப்போ பூட்டு நெசமாவே கெட்டுத்தான் கிடந்துச்சு. சரி பண்ணினேன். ரெண்டாவது தடவ எதுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா?

— எட்டே நாள்ல ஸ்பிரிங் கழண்டுடுச்சே, அதுக்குத்தான.

— அது தானாக் கழலல அக்கா. நீங்க திரும்பக் கூப்பிடணும்னு நான்தான் அரைகுறையா மாட்டிட்டுப் போனேன்.