லான்யிங்குக்கு வந்த கல்யாணச் சீர்

இல்லீங்க எசமான், நான் கத்தியைத் தொடவே இல்ல. தொட்டதெல்லாம் மேசையில தட்டற இந்தக் கட்டையைத்தான். டொக்குன்னு ஒரு தட்டு, ஒரு காதல் கதை. இதுக்கே மண்டி போடணும்னா, யாங்சோவுல கதை சொல்றவன் எவனும் எந்திரிச்சு நிக்க முடியாதே!

சரி, சிரிக்கல. பன்னிக்கறிக் கடை கோங்கோட தலை உருளப் போகுதுன்னு தெரியும். அதுக்குத்தான கூப்பிடாமலே சாட்சிக்கு வந்தேன்.

கதையா? லான்யிங்னு ஒரு பொண்ணு, பட்டு நூல் சுத்தறவ. பரீட்சைக்குப் படிக்கிற ஒருத்தன் சுவரேறிக் குதிச்சு வர்றான், கவிதை எழுதறான், நிலாவைக் காட்டிச் சத்தியம் பண்றான். ஆயிரம் வருஷமா அதே சுவர், அதே நிலா. டாங் ராஜாக்கள் காலத்துக் கதையில அவன் போயிடுவான், இவ ஏங்கியே சாவா. சோங் காலத்துல செத்தவ பேயா வந்து அவன் குரல்வளையைக் கடிப்பா. மிங் காலத்துல, உங்க எழுத்தர் காதைப் பொத்திக்கட்டும், எல்லாரும் எல்லாத்தையும் பண்ணிட்டு ரத்தம் கக்குவாங்க. இப்ப நம்ம காலத்துல சாவே கிடையாது. பரீட்சையில முதல் இடம், கல்யாணம், சுபம்.

அங்கதான் வந்துச்சு வினை. கடைசி நாள் கல்யாணக் கட்டம்னா, கதை கேக்கறவங்க கதைப் பொண்ணுக்குச் சீர் கொண்டு வர்றது எங்க தேநீர்க்கடை வழக்கம். சிவப்பு மெழுகுவர்த்தி, நிலக்கடலை, பேரீச்சம்பழம். நெசக் கல்யாணம் தோத்துடும். கோங் முழுப் பன்னித்தொடை கொண்டாந்தான். பந்திக்கு வெட்ட வேணாமா? அந்தக் கத்திதான் எசமான் அது.

ஆமா, நான்தான் முடிவை மாத்தினேன். கல்யாணம் வைக்கல. லான்யிங் வயித்துல புள்ளை. அவனுக்கோ பெரிய இடத்துச் சம்பந்தம் வந்துடுச்சு. கால்வாய்ப் படிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, முடியைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்கறான். அவ திமிறித் திரும்பி, அவனோட இடது காது மடலைக் கடிச்சுப் பிச்செடுக்கறா. டொக்! கட்டையைத் தட்டினேன்.

நான் அழுகைக் கதை சொன்னா கால்வாயில தண்ணி ஒரு முழம் ஏறும்னு ஊரே சொல்லும். அன்னைக்கு ஒருத்தன் கண்ணுலயும் தண்ணி இல்ல. முன்வரிசையில ஒரே ஒருத்தரு மட்டும் சட்டுனு கையைத் தூக்கி இடது காதை மூடினாரு. துவான் ஐயாதான், உப்பு வியாபாரி வீட்டு மாப்பிள்ளை. தர்பூசணி விதையைக் கொறிச்சுக்கிட்டே, பல்லை உறிஞ்சிச் சிரிப்பாரே, அவருதான்.

மூடாம இருந்திருந்தா ஒருத்தனும் அந்தக் காதைத் திரும்பிப் பாத்திருக்க மாட்டான்.

முதல்ல பறந்தது கொதிக்கிற கெண்டி, நேரா மூஞ்சிக்கு. அப்புறம் பெஞ்சு. நண்டு ஓடு நொறுங்கற மாதிரி சத்தம். மீன்காரக் கிழவி கொண்டை ஊசியை உருவிக் கன்னத்துல இறக்கினா. மேசைக்கு அடியில ஊர்ந்தவரைக் காலைப் பிடிச்சு இழுத்தாங்க. கோங் ஓன்னு அழுதுகிட்டே வெட்டினான் எசமான். கறி வெட்டறப்ப அவன் அழுது நான் பாத்ததில்ல. சீர் கொண்டாந்த பேரீச்சம்பழமெல்லாம் ரத்தத்துல மிதந்துச்சு.

எந்தப் புத்தகத்துக் கதைன்னா கேக்கறீங்க? புத்தகத்துல இல்லீங்க.

எனக்கு ஒரே பொண்ணு. சூசோவுல நூல் சுத்தப் போனா. படிக்கிற பையன் ஒருத்தனைப் பிடிச்சிருக்குன்னா. அவன் பேரைச் சொல்ல அவளுக்கு வெக்கம். அப்புறம் கால்வாயிலேருந்து தூக்கிக் குடுத்தாங்க. வாய் கிட்டிச்சுப் போயிருந்துச்சு. கழுவி விடறப்ப நான்தான் திறந்தேன்.

அதுலேருந்து ஊர் ஊராக் கதை சொல்லிக்கிட்டு, முன்வரிசைக் காதுங்களைப் பாத்துக்கிட்டே வந்தேன்.

புகாரா? உப்பு வியாபாரி மாப்பிள்ளை மேலயா, கதை சொல்றவன் குடுக்கறதா? நீங்களே சிரிச்சிருப்பீங்க.

கோங்கை விட்டுடுங்க. அவன் கல்யாணத்துக்கு வந்தவன். எழுத்தரே, இந்தக் கட்டையைத் திருப்புங்க. அடியில மெழுகு வச்சு அடைச்ச குழி இருக்கும். பதமா எடுங்க, காஞ்சு சுருங்கிப் போச்சு. பொணம் வெளியிலதான கிடக்கு? இடது காதுல வச்சுப் பாருங்க. பொருந்தும்.