வலப்பக்க மேல் மூலை

இல்ல தம்பி, கதவத் தொறக்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு உள்ள பிலிம் போடுற வேலயப் பாருங்க. வெளிச்சம் பட்டா பிலிமெல்லாம் வீணாப்போகும்னு சொன்னீங்கல்ல? அதான், கொழுந்தெடுக்கையில இடுப்புல கட்டுற படங்கச் சுருட்டி, கதவுக்குக் கீழ அடச்சிருக்கேன். பிள்ளக்காம்பரா ஸ்டோர் ரூம் இது, ஜன்னலே கெடயாது. முந்தி வேலைக்குப் போறவங்க கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். மண்ணு சரிஞ்சு எங்க லயத்து வீடெல்லாம் போனதுக்குப் பொறகு, நாங்கதான் இங்க குடியிருக்கோம்.

ஆமா, உங்கள யாரு அனுப்புனா? தோட்டக் கம்பனியா? யாரும் அனுப்பலயா. சரி சரி. யாரும் அனுப்பாம அம்மாம்பெரிய கமராவத் தூக்கிக்கிட்டு, பேராதனையில இருந்து ஹுன்னஸ்கிரிய மல ஏறி வாறதுக்கு உங்களுக்கென்ன தலையெழுத்தா? கோவிச்சுக்காதீங்க. படம் எடுக்குறேன்னு எத்தனயோ பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. சூடு கண்ட பூனைங்க தம்பி நாங்க.

உள்ளுக்குள்ள என்னத்தத் தடவுறீங்க, சரசரன்னு கேக்குது? ஓ, பிலிம் ஓரத்துல சின்னதா வெட்டு இருக்குமா. வலப்பக்கம் மேல் மூலையில அது வெரல்ல தட்டுப்பட்டா, படம் விழுற பக்கம் உங்களப் பாத்தாப்புல இருக்குன்னு அர்த்தம். அப்புடியே சட்டத்துக்குள்ள தள்ளிட வேண்டியதுதான். அட, அப்ப இருட்டுன்னாலும் மாறிப்போக வழியில்லயே.

மாத்திப் போட்டுட்டா என்னா ஆகும்? படமே விழாதா. நீங்க அப்புடிப் போட்டிருக்கீங்களா? சும்மாதான் கேக்குறேன். பழகுன புதுசுல ஒருக்காவா. அதுக்குப் பொறகு? தூக்கத்துல எழுப்பி விட்டாலும் கை தப்பாதா! அடேயப்பா. நல்லது தம்பி, நல்லது. அதத்தான் கேக்கணும்னு நெனச்சேன்.

முடிஞ்சிருச்சா? எல்லாத்தயும் மூடி வச்சிட்டீங்கல்ல? இருங்க, அவசரப்படாதீங்க. கதவத் தள்ளாதீங்க, கொண்டி போட்டிருக்கு. நான்தான் போட்டேன். கத்துனா ஒன்னும் ஆகப்போறதில்ல, எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்காங்க.

போன வருசம் கோயில் திருவிழாவுக்கு வந்து எங்க லயத்தப் படம் எடுத்தீங்க. என்னய அடையாளம் தெரியல, பரவால்ல. அசையாம நில்லுங்கன்னு சொன்னீங்க. வாசப்படியில ஒரு பிள்ள, முன்பல்லு ரெண்டும் விழுந்தது, மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சே? கெட்டிக்காரின்னு நீங்களே தலையத் தடவுனீங்க. ஆளுக்கொரு படம் தாறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. பொறகு எங்க வீட்டுக்காரரு போன்ல கோல் எடுத்துக் கேட்டதுக்கு, பிலிமத் திருப்பிப் போட்டுட்டேன், ஒரு படமும் விழலன்னு சொல்லிட்டீங்க.

தூக்கத்துலயும் தப்பாத கை, அன்னைக்கு மட்டும் எப்புடித் தம்பி தப்புச்சு?

நான் சண்டைக்கு வரல. அந்தப் பிள்ள யசோதினி, என் மக. மண்ணு வாரிக்கிட்டுப் போயிருச்சு. போன்ல இருந்த படங்களும் போனோடயே போச்சு. கண்ண மூடுனா சட்ட தெரியுது, ரெட்டப்பின்னல் தெரியுது. மொகந்தான் கலங்கிக் கலங்கிப் போகுது.

படம் விழலன்னு நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யா இருக்கணும்னு முருகனுக்கு நேந்து வச்சிருக்கேன். ஆமா, பொய்தான் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. கொண்டிய எடுத்துர்றேன்.