புளி போட்டுத் தேய்த்த நம்பர்

தேவிகுளம் தாலுகா, மேல்பாறை எஸ்டேட், ஆறாம் லயத்தில் குடியிருக்கும் டிரைவர் பிச்சைமணியின் மனைவி குருவம்மாள், வயது சுமார் 45, கொழுந்து எடுக்கும் வேலை, 1974 நவம்பர் 8-ம் தேதி ஸ்டேஷனில் ஆஜராகிச் சொன்னது:

என் கணவரை முந்தாநாள் முதல் லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். எஸ்டேட்டின் பழைய கறுப்புக் காரிலிருந்து அசல் எஞ்சினைக் கழற்றிப் போடியில் விற்றுவிட்டு, வேறு எஞ்சினைப் பொருத்திவிட்டார் என்று மேனேஜர் துரை புகார் கொடுத்திருக்கிறார். அது சுத்தப் பொய்.

எங்களுக்குக் கல்யாணமான வருடம் முதல் அந்தக் காரை என் கணவர்தான் ஓட்டுகிறார். எஞ்சினில் நம்பர் வெட்டிய பித்தளைப் பட்டை ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் குத்துவிளக்கையும் குடத்தையும் விளக்கிவிட்டு, அதன்பிறகு அதே புளியும் செங்கல் பொடியும் கொண்டுபோய் அந்தப் பட்டையையும் நான் தேய்ப்பேன். பூஜைக்குப் பித்தளை பளபளக்க வேண்டும், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன வருடம் இதே துரை பட்டையில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு, "குருவம்மா, தங்கமாட்டம் ஆக்கிப்புட்டியே" என்று சிரித்தார். நம்பர் தேய்கிறதே என்று அவரும் சொல்லவில்லை.

சென்ற வாரம் சித்தூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் அர்த்தநாரி காரை விலைக்குக் கேட்டு வந்தார். அசல் எஞ்சின் இருந்தால்தான் வாங்குவாராம். ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து பார்த்தவர், "ஏனுங்க, பட்டைல நெம்பரே இல்லீங்களே, எஞ்சின மாத்திப்போட்டாங்களா?" என்று கேட்டார். உடனே துரை என் கணவரை முறைத்தார். தேய்த்தது நான்தான் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். "நீ சும்மா கெட" என்றார். போன வருடம் முகம் பார்த்த மனுஷன்!

என் சீதனக் குடத்தில் வெட்டிய அப்பா பெயர் வெளியே தேய்ந்துபோனாலும் உள்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். அதனால் நேற்று ஏட்டையாவிடம், "பட்டையக் கழட்டிப் பின்னாடி பாருங்க சாமி" என்று கெஞ்சினேன். இன்று காலை துரையும் அர்த்தநாரியும் பக்கத்தில் நிற்க, ஒர்க்‌ஷாப் ஆள் ரிவிட்டு ஆணிகளை வெட்டிப் பட்டையை எடுத்தார். பின்பக்கம் நம்பர் இடம் வலம் மாறிப் புடைத்து நின்றது. புத்தகத்தில் இருந்த நம்பரும் அதுவும் ஒன்றே. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதன்பிறகு துரை, "பட்டை அசல்தான். இப்பக் கழட்டின மாதிரி அன்னைக்கும் கழட்டி வேற எஞ்சின்ல அடிச்சிருப்பான்" என்றார். அர்த்தநாரி குனிந்து பார்த்துவிட்டு, "ரிவிட்டு பழசா புதுசான்னு வெட்டறதுக்கு முந்திப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க. இனி ஆரு சொல்றது?" என்றார். ரிவிட்டெல்லாம் தூளாகி மண்ணில் கிடந்தது. கழற்றச் சொன்ன என் வாயில்தான் மண்ணைப் போட வேண்டும்.

லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து போய்விட்டான். என் கணவர் அந்தக் காரிலிருந்து ஒரு திருகாணிகூட எடுத்தவர் அல்ல. அவரை விட்டுவிட வேண்டும்.

நான் சொன்னபடி எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

குறிப்பு: மேற்படி குருவம்மாளின் ரேகை விழவில்லை. துடைத்து மறுபடி மை தடவி வைத்தும் கோடுகள் இல்லாமல் வெறும் கறுப்பாகவே பதிந்தது. விரல் தேய்ந்துபோயிருப்பதாகச் சொன்னார். இது அவருடைய விரல்தான் என்பதற்கு, அருகில் இருந்த எஸ்டேட் மேனேஜர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.