தலையை வெட்டிக்கொள்ளும் பாடகர்

சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "வீடியோ பாத்தேன்க்கா. போன தடவ தலைய வெட்டுனது அவ்வளவு நல்லா இல்ல."

நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன். மேடையில் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்வதுபோல நடிக்கும் வயதான ராக் பாடகர் ஒருவரைப் பற்றிய பேச்சு அது என்று புரியக் கொஞ்ச நேரமானது. அன்று மாலை எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் நடக்கவிருந்த அவருடைய நிகழ்ச்சிக்குத்தான் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தலைய விடு. அப்புறம் மேடையில சவப்பெட்டியிலிருந்து எந்திரிச்சு வரும்போது தடுக்கி விழுந்தாரு பாரு, எனக்கு உசுரே போச்சு," என்றாள் மூத்தவள். "எல்லாரும் கை தட்டுறாங்க. நான் நர்ஸு லா, நெஜமா விழுந்தா எனக்குத் தெரியாதா? தடுப்புக் கம்பியத் தாண்டிக் குதிச்சிட்டேன்."

"அலமாக்! அப்புறம்?"

"செக்யூரிட்டிக்காரன் என்னைய அலேக்கா தூக்கிட்டுப் போயிட்டான். இவரு எந்திரிச்சு, எனக்குக் கைய ஆட்டிட்டுப் பாடுறாரு. மறுநாள் கோலாலம்பூர் ஷோவுலயும் அதே எடத்துல விழுந்தாராம்."

இளையவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "பேசாம வீட்டுல படுத்துக்கிட்டு ஆல்பம் கேக்கலாம்க்கா. குரல் அதுலதான் சுத்தமா இருக்கு."

"ஆல்பத்துல விழ மாட்டாரே."

"சரி, இன்னிக்கு நெஜமாவே விழுந்துட்டா?"

மூத்தவள் சன்னலுக்கு வெளியே ஓடிய செம்பனை மரங்களைப் பார்த்தபடி யோசித்தாள்.

"மொதல்ல கை தட்டுவேன். அப்புறம் குதிப்பேன்."