குரல் நடுவில்தான் இருந்தது

பழைய சாமானை விற்கும்போது குறையை மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. முன்பக்கம் இரண்டு கீறல். வலது பெட்டியில் ஒரு குமிழ் மாற்றுக் குமிழ். இடது பெட்டியின் அளவு காட்டும் முள் பெட்டி சூடேறும்வரை கொஞ்சம் தயங்கும். இதையெல்லாம் விளம்பரத்திலேயே எழுதியிருந்தேன். பின்னால் தொங்கும் இந்த வயரையும் அதன் நுனியில் இருக்கும் சுவிட்சையும் பற்றி மட்டும் எழுதவில்லை. நீங்கள் பார்த்துக் கேட்டுவிட்டீர்கள். உட்காருங்கள், சொல்லிவிடுகிறேன்.

கம்ப்ரசர் விற்பனைக்கு என்று போட்டதும் காலையிலிருந்து நான்கு பேர் ஃப்ரிட்ஜுக்கா என்று கேட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவுக்கு என்றால் போனை வைத்துவிடுகிறார்கள். பாட்டில் துள்ளுவதை அமுக்கி, அடங்கிக் கிடப்பதை மேலே கொண்டுவரும் பெட்டி இது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுப் பாட்டுக்கும் போடுவதென்றால் இடம், வலம் இரண்டையும் சேர்த்து அமுக்கும் ஸ்டீரியோ பெட்டி வேண்டும். அதன் விலையைக் கேட்டபோது எனக்கும் தம்பிக்கும் தலை சுற்றியது. ஆகவே தனிப் பெட்டிகளாக இரண்டு வாங்கினோம். ஒன்று மூடிப்போன ரேடியோ நிலையத்துடையது, இன்னொன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. மூன்று வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து நான்தான் இரண்டுக்கும் உயிர் கொடுத்தேன்.

இரண்டையும் சேர்க்க ஓர் இணைப்பு வயர் உண்டு. அது இருந்தால் இரண்டும் ஒரே அளவு அமுக்கும். அது விட்டுப்போனால், இடது பக்கம் தாளம் விழும்போது இடது பெட்டி மட்டும் அமுக்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் வலது பக்கம் நகர்ந்துவிடும். குறைந்த செலவில் வேலை செய்கிறவர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியது அந்த வயரைத்தான். நீங்களும் மறந்துவிடாதீர்கள்.

எங்கள் ஸ்டூடியோவில் வயரிங், ரிப்பேர் என் பொறுப்பு. மிக்ஸ் செய்வது தம்பி. பெட்டிகளை முதன்முதலாக ஓடவிட்ட அன்று அவன் பத்து விநாடி கேட்டிருப்பான். "அண்ணா, இடது பெட்டி ஒரு துளி லேட்டா அமுக்குது" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கருவி வைத்து அளந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. மூன்று வாரம் நான் தேடியும் அகப்படாதது அவனுக்குப் பத்து விநாடியில் அகப்பட்டது. அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பாசமாகச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் "தம்பி இருக்காரா?" என்றுதான்.

பிறகு ஒரு நாள் அவன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தான். "அண்ணா, குரல் வலது பக்கம் சாயுதே?" என்று கேட்டான். நானும் கேட்டேன். உண்மையாகவே எனக்கு எதுவும் தெரியவில்லை. "நடுவுலதான்டா இருக்கு" என்றேன். அவன் இடது காதை விரலால் குடைந்துகொண்டான். மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோது இணைப்பு வயரின் ஈயப் பற்று விட்டிருந்தது. ஆக, குரல் சாய்ந்திருக்கிறது. அவன் காது சரியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவன் தன் காதை நம்பாமல் அண்ணனை நம்பியிருக்கிறான்.

வயரைப் பற்ற வைக்க ஒரு நிமிடம் போதும். நான் அன்று முழுவதும் உட்கார்ந்து இந்தச் சுவிட்சைப் பொருத்தினேன்.

மூன்று நிலை. நடுவில் வைத்தால் இணைப்பு சரியாக இருக்கும். இடப்பக்கம் தள்ளினால் இணைப்பு விட்டு, இடது பெட்டி ஒரு துளி அதிகம் அமுக்கும். வலப்பக்கம் தள்ளினால் வலது பெட்டி. என் மேஜைக்கு அடியில், முழங்கால் படும் இடத்தில் வைத்தேன். அந்த அறையில் கேட்கும் எல்லாமே இந்தப் பெட்டிகள் வழியாகத்தான் வரும். அப்படி வயரிங் செய்ததும் நான்தான். தினமும் தள்ளினால் சாமான்மேல் சந்தேகம் வரும் என்று வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் மட்டும் தள்ளினேன். எதிலும் ஓர் அளவு வேண்டும்.

குரல் வலது பக்கம் போகிறது என்று அவன் இடது பக்கத்தை ஏற்றுவான். பாட்டு பதிவாகி வெளியே போகும்போது சுவிட்ச் நடுவில் இருக்கும். வீட்டில் போட்டுக் கேட்டால் குரல் இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும். அவனிடமே ஏழு வருடமாக வந்துகொண்டிருந்த பாடகி முதலில் பாட்டைத் திருப்பி அனுப்பினார். பிறகு இன்னும் இரண்டு பேர். ஒவ்வொரு தடவையும் அவன் என் முகத்தைப் பார்ப்பான். நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருப்பது எவ்வளவு வேலை செய்கிறது என்று அப்போது புரிந்தது.

அவன் முட்டாள் இல்லை. ஒரு நாள் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"சாமான்ல கோளாறுன்னா குரல் இப்ப இடது காதுக்கு வரணும். வலதுலயே நின்னா என் காதுலதாண்ணா கோளாறு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சரியான சோதனை. எனக்கே பெருமையாக இருந்தது. முழங்காலால் சுவிட்சை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளினேன். குரல் அவனுடைய வலது காதிலேயே நின்றது. ஹெட்ஃபோனைக் கழற்றி மெதுவாக மேஜைமேல் வைத்தான். உள்ளங்கையால் இடது காதை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

காது டாக்டரிடம் போனான். இரண்டு காதும் பிரமாதம் என்று சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவன் மாதிரி ஓடிவந்தான். "டாக்டர் பேச்சு கேக்குதான்னு பாப்பார்டா, மிக்ஸ் கேக்குதான்னா பாப்பார்?" என்றேன். அன்று கொஞ்சம் அதிகமாக அமுக்கும்படி வைத்தேன். அதற்குப் பிறகு என் உதவி அவனுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. போனை வலது காதுக்கு மாற்றினான். சாப்பிடும்போது மகளை வலப்பக்கம் உட்காரச் சொன்னான். அவள் இடது பக்கமிருந்து "அப்பா" என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தம்பி மனைவி என்னிடம் சொல்லி அழுதாள். வீட்டில் என்னிடம் சுவிட்ச் கிடையாது. அங்கே நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

சுவிட்ச் வைத்த எட்டாவது மாதம் ஸ்டூடியோ சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "உன்னை ஏமாத்திட்டேண்ணா" என்றான். இப்போது பார்சல் கிடங்கில் வேலை செய்கிறான். அங்கே பெல்ட் ஓடும் இரைச்சலில் எல்லாருக்கும் ஒரே காதுதான். வீட்டில் பாட்டு போட விடுவதில்லையாம். மகள் ஏதாவது முணுமுணுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறானாம்.

அவனுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஒரு வருடம்கூட ஓடவில்லை. உங்களுக்குக் காது கிடையாது என்று அந்தப் பாடகி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் விற்கிறேன். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் தம்பியிடமிருந்து நான் எதையும் பறிக்கவில்லை. குரல் எங்கே இருக்கிறது என்று அவன்தான் கேட்டான். நான் பதில் சொன்னேன். நம்புவதும் நம்பாததும் அவன் இஷ்டம்.

சுவிட்ச் வேண்டாமென்றால் வெட்டிவிட்டு இணைப்பை நேராகப் பற்ற வைத்துத் தருகிறேன். அதன்பின் இந்த விலைக்கு இதைவிட நேர்மையான ஜோடி உங்களுக்குக் கிடைக்காது.

பெட்டிகள் கனம். காரில் ஏற்றித் தரத் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டால் மறுபேச்சில்லாமல் வந்துவிடுவான். சுவிட்சைப் பற்றி அவனிடம் பேச வேண்டாம், மனசு கஷ்டப்படும். வேறு எது பேசினாலும் அவனுக்கு வலது பக்கமாக நின்று பேசுங்கள். பாவம், அவனுக்கு இடது காது கேட்காது.