குறுக்கே பிடித்த துண்டு

"படுங்கண்ணா! படுங்க!"

செல்வம் கத்துகிறான். படுக்கிறேன். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு வெடி. மெஸ் ஜன்னல் கண்ணாடி மொத்தமும் என் முதுகில் கொட்டுகிறது.

கார்த்தூம் நகரம். சூடானில் இரண்டு படைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத் தொடங்கிய வாரம். நோன்பு மாதம். ஒரு கட்டுமானக் கம்பெனியின் மெஸ்ஸில் நான் சமையல்காரன். சொந்த ஊர் திருவண்ணாமலை. செல்வம் செங்கத்துக்காரன், எலக்ட்ரீஷியன். மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் மிச்சம். காரணம் நான். ஸ்டோர் ரூமில் அரிசி இருந்தது. பருப்பு இருந்தது. அதை விட்டு வரமாட்டேன் என்று நான் உட்கார்ந்திருந்தேன். என்னை விட்டுப் போகமாட்டேன் என்று அவன் உட்கார்ந்திருந்தான்.

தண்ணீர் தீர்ந்தது. வெளியே ஒரு வேன் நிற்கிறது. தெற்கே போகிறதாம். எந்த ஊர், யார் சேர்த்துக்கொள்வார்கள், ஒன்றும் தெரியாது.

"கெளம்புங்கண்ணா! சோத்துக்கு என்னா பண்றதுனு கேக்காதீங்க. அண்ணாமலையாரு இந்த ஸ்டோர் ரூம்லயா குந்தினு இருக்காரு? வழியில இருக்க மாட்டாரா?"

செருப்பில்லாமல், பையில்லாமல் எத்தனையோ முறை மலையைச் சுற்றியவன் நான். அந்த நேரத்தில் அவர் மேல் நம்பிக்கை வரவில்லை. பிஸ்கட் மேல்தான் வந்தது. ஏழு பாக்கெட். சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுகிறேன். பின்னால் இன்னொரு வெடி. தெருமுனையில் கரும்புகை. வேனில் ஏறிவிட்டோம்.

வேனுக்குள் ஒரு சூடான் குடும்பம். பெரியவர்கள் நோன்பு. சின்னப் பெண் அழுகிறாள். பசி என்று எந்த மொழியில் அழுதாலும் சமையல்காரனுக்குப் புரியும். எனக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அசைந்தால் பாக்கெட் சரசரக்கும். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்கிறது. ரோட்டின் குறுக்கே ஆட்கள். வெள்ளை அங்கி. தலைப்பாகையை அவிழ்த்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

"நிறுத்தாத! ஓட்டு! திருட்டுப் பசங்க, ஓட்டு!"

அது என் குரல். டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் சிரித்தார். வண்டியை நிறுத்தினார்.

யார் கையிலும் துப்பாக்கி இல்லை. ரோட்டோரம் பாய் விரித்திருந்தது. பெரிய தட்டுகளில் நம்ம ஊர்க் களி மாதிரி ஒன்று, மேலே குழம்பு. பேரீச்சம்பழம். பானையில் தண்ணீர். நோன்பு திறக்கிற நேரத்தில் ரோட்டில் போகிற யாரையும் சாப்பிடாமல் விடமாட்டார்களாம். அதுதான் அங்கே வழக்கமாம். போர் வந்தும் அதை விடவில்லை. ஒரு கிழவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "தஃபத்தல்! தஃபத்தல்!" வாங்க, எடுத்துக்குங்க என்று அர்த்தம்.

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் எங்கள் குடும்பம் அன்னதானம் போடுகிறது. சாம்பார் சாதம் மிஞ்சுகிற மாதிரி இருந்தால் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்துப் பாதையின் குறுக்கே பிடித்துவிடுவார். "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க சாமி!" அந்தத் துண்டின் மறுமுனையைப் பிடித்து வளர்ந்தவன் நான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. திருடன் என்று கத்தினேன்.

பாயில் உட்காரக் குனிந்தேன். பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து விழுந்தன. கிழவர் பார்த்தார். அந்தப் பெண் பார்த்தாள். செல்வம் பார்த்தான். கிழவர் எல்லாவற்றையும் பொறுக்கி, மண்ணைத் தட்டி, என் மடியில் வைத்தார். பிறகு களித் தட்டை என் பக்கம் தள்ளினார்.  செல்வம் நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை. அப்போதாவது அந்தப் பெண்ணிடம் ஒரு பாக்கெட்டை நீட்டியிருக்கலாம். கூச்சத்தில் கை எழவில்லை. குனிந்த தலையோடு சாப்பிட்டேன். நல்ல பசி. நல்ல ருசி. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

அங்கிருந்து துறைமுகம் போய் நம்ம நாட்டுக் கப்பல் ஏறும்வரை, நின்ற இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் தண்ணீரோடு வந்தார். எங்கள் மொழி தெரியாது. எங்கள் சாமி தெரியாது. தட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது. செல்வம் சொன்னது சரி. அவர் வழியில்தான் இருந்தார்.

இன்று பௌர்ணமி. பாதையில் கூட்டம். அப்பா துண்டை நீட்டுகிறார். மறுமுனையைப் பிடிக்கிறேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவர் எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போகிறார். சாப்பிடக் கூப்பிட வாய் திறக்கிறேன். என் பக்கத் துண்டைத் தாழ்த்தி அவருக்கு வழி விடுகிறேன்.

போரில் போனவர்களையும் போனதையும் எழுதி வைக்கிறேன். வேன் டிரைவர். எங்களை இறக்கிவிட்டு, அடுத்த ஆட்களை ஏற்றிவர நகரத்துக்கே திரும்பினார். செல்வம் அவர் நம்பரை வாங்கி வைத்திருந்தான். அடித்துப் பார்க்கிறான். அணைந்தே கிடக்கிறது. எங்களுக்குச் சோறு போட்ட ஊர். போர் பிறகு அங்கேயும் போனது. கூரை எரிந்த வீடுகளைச் செல்வம் போனில் காட்டினான். அந்தக் கிழவர். உயிரோடு இருக்கிறாரா தெரியாது. யாரிடமும் விசாரிக்க முடியாது. அவர் பெயரை நான் கேட்கவில்லை.

என்னுடையது எதுவும் போகவில்லை. ஏழு பாக்கெட்டும் பிரிக்காமல் வீடு வந்து சேர்ந்தன.