முடிச்சூர் மேப்ல வச்ச கரை

டீ போதும் சார், பிஸ்கட் வேணாம். வீட்டுல இட்லி சாப்ட்டுட்டுதான் கிளம்பினேன். யாரும் கூப்பிடாம நானா ஸ்டேஷனுக்கு வந்து நிக்கறேன்னு வாசல்ல இருந்த ஏட்டு என்னை ஒரு மாதிரியா பாத்தாரு. பாக்கட்டும். எனக்குப் பதட்டமெல்லாம் இல்ல. நிதானமா சொல்றேன், நீங்களும் நிதானமா எழுதிக்குங்க.

ஜெரோம் வெள்ளத்துல போன கேஸ்ல நீங்க எழுதி வச்சிருக்கறதை அவன் சம்சாரம் ஷீலா எனக்குக் காட்டினாங்க. "நண்பர் ஸ்ரீரங்கன் தயாரித்த விளையாட்டு வரைபடத்தில் இருந்த பிழையை நம்பி, ஆபத்தான வழியில் சென்று" அப்படின்னு இருக்கு. அந்த ஸ்ரீரங்கன் நான்தான். மத்தபடி எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க தேவானந்தம் சார். அந்த "பிழை"ங்கற வார்த்தையை மட்டும் எடுக்கணும். அதுக்குத்தான் வந்தேன். என் மேப்ல பிழை கிடையாது.

உங்களுக்கு இந்தக் கேம் பழக்கம் இருக்காது. கம்ப்யூட்டர்ல கோட்டை கட்டி, படை சேத்து, எதிராளியோட மோதற ஆட்டம். கம்பெனிக்காரன் அவனா குடுக்கற மேப் கொஞ்சம்தான். மீதியெல்லாம் என்னை மாதிரி ஆளுங்க சொந்தமா போட்டு, சும்மாவே எல்லாருக்கும் குடுக்கறது. மலை எங்க, ஆறு எங்க, எந்த வழியில படை போகலாம், எங்க போனா மாட்டிக்கும்னு ஒவ்வொரு கட்டமா வைக்கணும். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கற வேலை. வேலவெட்டி இல்லாதவன் பண்றதுன்னு எங்கப்பா ஜெயவேலு சொல்லுவாரு. வேலைக்குப் போய்க்கிட்டுதான் பண்ணேன். அது அவருக்குக் கணக்குல வராது.

நான் போட்டது முடிச்சூர். எங்க நிலம் இருந்த இடம். அப்பா அதைப் பிளாட் போட்டு வித்துட்டாரு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அந்தக் காசுலதான் காலேஜ் படிச்சேன், கார் வாங்கினேன். ஆனா அந்த மண்ணோட ஏத்த இறக்கம் எனக்கு அத்துப்படி. எந்தத் தெருவுல முதல்ல தண்ணி நிக்கும், எது கடைசியா முழுகும்னு 2015லயே கண்ணால பாத்துட்டேன். அதையே ஆட்டமா வச்சேன். நேரம் ஆக ஆக அடையாறு பெருகும், தண்ணி தெருவுக்குள்ள ஏறும், எவன் மேட்டைப் பிடிக்கறானோ அவன் ஜெயிப்பான். இந்த மாதிரி ஒரு மேப் நம்ம ஆளுங்க யாரும் போட்டதில்ல. பெருமைக்காகச் சொல்லல. பெருமைக்காகவும்தான் சொல்றேன்.

அதுல ஒரு சிக்கல் வந்துச்சு. நிஜத்துல இருக்கற மாதிரியே வச்சா மேற்குப் பக்கம் ஆடறவன் தப்பிக்க வழியே இல்லாம முழுகிடுவான். அந்தப் பக்கம் ஒரு பழைய செங்கல் சூளை இருக்கு. மெயின் ரோட்டைப் பாத்து நடந்தா, அதோட சுவருக்கு இடது பக்கம் ரெண்டு அடி தள்ளி முன்ன ஒரு நீளமான கரை இருந்துச்சு, எங்க நிலத்துக்கு எல்லை. பிளாட் போட்டப்ப ஜேசிபி விட்டு அந்தக் கரையை வெட்டி எடுத்துட்டு, அதே இடத்துல மழைத்தண்ணி போறதுக்குக் கால்வாய் தோண்டினோம். ஆள் இறங்கினா தலை தெரியாது. ஜேசிபி வந்த அன்னைக்கு அப்பாவுக்கு முடியல, கூட நின்னு வேலை வாங்கினது நான்.

அதனால அங்க கரை இல்ல, கால்வாய்தான்னு எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் மேப்ல கரையை வச்சேன். ரெண்டு பக்கத்து ஆளுக்கும் ஆட்டம் சமமா இருக்கணும். எங்க பாஷையில பேலன்ஸ்னு சொல்லுவோம். அதுக்காக நிஜத்தை மாத்தி வைக்கறதுக்குப் பேரு பிழை இல்ல சார். அதுதான் மேப் போடறவனோட வேலையே.

ஜெரோம் எங்க குரூப்லயே நல்ல பிளேயர். குரோம்பேட்டைக்காரன். ஷீலாவைக் கட்டின புதுசுல வாடகை கம்மியா இருக்குன்னு முடிச்சூருக்கு வந்தான், நாங்க போட்ட பிளாட்லயே ஒரு தனி வீட்டுக்கு. வீட்டை விட்டா மெயின் ரோடு, மெயின் ரோட்டை விட்டா தாம்பரம் ஸ்டேஷன், அதைத் தாண்டி அந்த ஊர்ல அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சூளைப் பக்கம் ஒரு நாள் கூட எட்டிப் பாத்ததில்ல. ஆனா மேப்ல கண்ணை மூடிக்கிட்டு ஓடுவான். தண்ணி ஏறும்போது கடைசி நிமிஷம் வரைக்கும் பொறுத்திருந்து, அந்தக் கரை மேல படையை நடத்திக்கிட்டு வந்து ஜெயிப்பான். பாக்கவே அழகா இருக்கும். முடிச்சூரைப் பத்தி அவன் கத்துக்கிட்டது பூரா என் மேப்லதான்.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு சார். மேப்பை வெளியிடும்போது பூட்டி விடலாம், பூட்டினா வேற யாரும் உள்ள கை வைக்க முடியாது. கூடப் பழகறவங்க பாத்துக் கத்துக்கட்டும்னு பூட்டாம விடறது ஒரு மரியாதை. அதுல யாராவது மாத்தணும்னா, போட்டவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். மாத்தி வெளியிட்டா, முதல்ல போட்டவன் பேரு மேல இருக்கணும். இது எங்கயும் எழுதி வச்சது இல்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

நான் பூட்டல. ஜெரோம் திறந்தான். மின்னல் வச்சான், மழை சத்தம் வச்சான், தண்ணிக்கு அந்தச் செம்மண் நிறத்தைக் கொண்டு வந்தான். நல்லா இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். வேற பேரு வச்சு அவன் பேருல விட்டுட்டான். யூடியூப்ல கேம் ஆடிக் காட்டற ஒருத்தர் அதை எடுத்து ஆடினாரு. அவ்வளவுதான், ஜெரோம் மேப், ஜெரோம் மேப்னு ஒரே பேச்சு. என் பேரைப் போடாம இல்ல. கடைசியில, ஆடிப் பாத்து உதவினவங்கன்னு ஒரு கும்பலோட பேரு ஓடும். அதுல நடுவுல எங்கயோ "ரங்கா"ன்னு இருந்துச்சு.

மேற்குத் தாம்பரத்துல ஒரு டீக்கடையில வச்சு நேராவே கேட்டேன். ஜெரோம் சிரிச்சான்.

"இன்னா மச்சான், இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? ஆறு, ஏரி எல்லாம் உன் பேர்ல பட்டாவா போட்டுக் குடுத்துக்கீறாங்க? அது எல்லாருக்கும் பொதுடா."

தோள்ல கை போட்டு ஒரு போண்டா வாங்கிக் குடுத்தான். அவன் வாடகைக்கு இருந்த இடம் வரைக்கும் எங்க பேருல பட்டா இருந்ததுதான். அது அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லல. போண்டாவைத் தின்னுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறமும் அவன்கூட ஆடினேன், அவன் கல்யாண நாளுக்கு வாழ்த்து போட்டேன். எனக்குக் கோபம் வந்தா வெளிய தெரியாது சார், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

இந்த வருஷப் புயல் அன்னைக்கு நான் சேலையூர்ல எங்க அக்கா வீட்டுல இருந்தேன். மேடான இடம், அங்க ஒண்ணும் ஆகல. அக்கா வெங்காய பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்துச்சு. எந்தத் தெருவுல யாரு மாட்டிக்கிட்டு இருக்காங்க, படகு எங்க வந்திருக்குன்னு போடற வாட்ஸ்அப் குரூப் ஒண்ணுல நானும் இருந்தேன். மத்தியானம் ஜெரோம் போன் பண்ணான்.

"மச்சான், வூட்டுக்குள்ள முட்டிக்கு மேல வந்துச்சுடா. ஷீலாவ மொட்டை மாடில உக்கார வச்சிட்டேன். அவளுக்கு நிறை மாசம்டா, வலிக்கிற மாதிரி கீதுன்றா. படகு எதுனா வருதா?"

படகு அவன் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்தாச்சுன்னு அப்பத்தான் குரூப்ல படத்தோட போட்டிருந்தாங்க. பஜ்ஜித் தட்டை ஓரமா வச்சுட்டு அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன், "இன்னைக்கு அந்தப் பக்கம் படகு வராதுடா"ன்னு.

"அப்ப நானே மெயின் ரோட்டுக்குப் போய் ஆளைக் கூட்டியாரேன். சூளையாண்ட கரை ஒண்ணு வருமே, அது நெஜமாவே கீதா?"

"இருக்கு. அதுதான் கடைசியா முழுகும். தைரியமா போ."

நான் அவனை வீட்டை விட்டு இழுத்து வெளிய தள்ளல. அவனா கேட்டான், நான் பதில் சொன்னேன். அவன் வந்தது வாடகை வீட்டுக்கு, ஜெயிச்சது அடுத்தவன் மேப்ல. தன்னோடதுன்னு சொல்லிக்கிட்ட இடத்தை ஒரு நாளாவது நடந்து பாத்திருக்கணும். மேப் அவனோடதுன்னா வழி அவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமா இல்லையா? நான் கேக்கறதுல ஏதாவது நியாயம் இல்லாம இருக்கா?

படகு கொஞ்ச நேரத்துல வந்து ஷீலாவைக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. பொண்ணு பொறந்திருக்கு, நல்லா இருக்கு. ஜெரோமைத் தண்ணி வடிஞ்சப்புறம் பாலத்துக்கு அடியில எடுத்தாங்க. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னால தாங்க முடியல சார். குரூப்ல ஒருத்தன் எழுதறான், ரங்கா மேப்ல தப்பு இருந்துச்சாம், அதை நம்பித்தான் ஜெரோம் போயிட்டானாம், இனிமே யாரும் அதை ஆடாதீங்கன்னு. அதுக்குக் கீழ வரிசையா கை கூப்பின படம். நல்லா இருந்த வரைக்கும் ஜெரோம் மேப். ஆள் செத்ததும் ரங்கா மேப். அடுத்த நாளே எல்லா இடத்துல இருந்தும் அதை எடுத்துட்டாங்க. நான் கட்டம் கட்டமா வச்ச ஊரு, இப்ப யார் கேட்டாலும் கிடைக்காது.

துக்கம் விசாரிக்க ஷீலாவோட அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "அழாதீங்கண்ணா, மேப்ல தப்பு இருந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? தெரியாம நடந்ததுதானே. நீங்களாவது அன்னைக்குப் போன்ல அவர்கூடப் பேசினீங்களே"ன்னாங்க. நான் அழல சார். அந்த வீட்டுல ஃபேன் ஓடல, முகம் வேர்த்திருந்துச்சு. தெரியாமன்னு அவங்க சொன்னதுதான் எனக்குச் சுருக்குன்னு தச்சுது. அந்த ஊரைப் பத்தி எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்கா?

நீங்களும் அதையேதான் எழுதியிருக்கீங்க. பழைய மேப், அறியாம சொல்லிட்டான், பாவம்னு விட்டுட்டீங்க. உங்க பாவம் எனக்கு வேணாம். ஜெயில்னா ஜெயில், போறேன். வேலை தெரியாதவன்னு பேரு வாங்கிக்கிட்டு வெளிய சுத்தறதை விட அது தேவலாம். நான் தப்பா மேப் போட்டு ஒருத்தன் சாகல. நான் சரியா மேப் போட்டிருந்தேன். ஒருத்தனைச் சாகடிச்சேன். ரெண்டும் வேற வேற.

ஜெரோம் ரெண்டாவது தடவை போன் பண்ணதைப் பத்தி விசாரிச்ச அன்னைக்கே கேட்டீங்க. சிக்னல் இல்லாம கட் ஆயிடுச்சு, ஒண்ணும் கேக்கலன்னு சொன்னேன். அது பொய். எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு.

போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கழுத்துல மாட்டியிருந்தான் போல. தண்ணி இரைச்சலுக்கு நடுவுல அவன் மூச்சு வாங்கறது காதுக்குக் கிட்டக் கேட்டுச்சு. "மச்சான், சூளைச் சுவத்தைப் பிடிச்சிக்கினு நிக்கறேன். மாருக்கு வந்துடுச்சு. கரை கால்ல தட்டவே இல்லடா"ன்னான். சுவத்தைப் பிடிச்சிருந்தான், அதை எழுதிக்குங்க. அப்படியே சுவத்தோரமா திரும்பி நடந்தா வீடு. திரும்பிப் போடான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் வாயைத் திறக்கல. அவனேதான் பேசினான்.

"ரங்கா, கீறியா? உன் மேப்ல இங்கதானடா கரை வரும். நீ போட்ட மேப், உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? சொல்லுடா, எந்தப் பக்கம்?"

உன் மேப்புன்னான் சார். நீ போட்டதுன்னான். அவன் வாயால அதைக் கேக்கணும்னுதான் நான் அத்தனை நாளும் வயித்தெரிச்சலோட கிடந்தேன். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்னு நினைச்சிருந்தேன், உங்ககிட்டயும் இவ்வளவு நேரம் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். கேட்டுட்டேன். மனசு நெறைஞ்சு போச்சு. அந்த நேரத்துல அவன் மேல எனக்குத் துளி கோபம் இல்ல.

அதுக்கு அப்புறம்தான் சொன்னேன், "சுவத்தை விட்டுட்டு இடது பக்கம் ரெண்டு அடி எடுத்து வை"ன்னு.